அரசு மாத்திரையும் கடை மாத்திரையும்

பென்னாகரம், ஏரியூர், அரூர், மொரப்பூர் என்று தர்மபுரி மாவட்டத்தின் எந்தப் பக்கத்துக்குப் போனாலும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கும் ஜன்னலின் அருகே சற்று நேரம் நின்று கேட்பவர்களுக்கு, ஒரே வாக்கியம் பலருடைய வாயிலிருந்தும் சிறுசிறு மாறுதல்களோடு திரும்பத் திரும்ப வந்து காதில் விழும். “கவர்மெண்டு மாத்திரை எனக்குக் கேக்கலைங்க, கடையில வாங்கிப் போட்டாத்தான் சுகர் இறங்குது” என்பதே அந்த வாக்கியம். சொல்பவர்கள் வசதி படைத்தவர்கள் அல்லர். மானாவாரி நிலத்தில் கேழ்வரகும் சாமையும் விதைத்து வானத்தைப் பார்த்திருப்பவர்கள், தக்காளி பறிக்கவும் பூப்பறிக்கவும் கூலிக்குப் போகிறவர்கள், பெங்களூரில் கட்டட வேலை செய்யும் பிள்ளை மாதம்தோறும் அனுப்பும் பணத்தில் காலம் தள்ளும் முதியவர்கள் ஆகியோரே இப்படிச் சொல்கிறார்கள். இலவசமாகக் கையில் கிடைத்ததைப் பெட்டியில் போட்டு வைத்துவிட்டு, அதே வியாதிக்கு வேறோர் அட்டையைக் காசு கொடுத்து வாங்குவது என்ற முடிவுக்கு ஓர் ஏழைக் குடும்பம் வருகிறது என்றால், அந்த முடிவுக்குப் பின்னால் இருக்கும் சந்தேகம் எவ்வளவு ஆழமானதாக இருக்க வேண்டும் என்பதை நாம் சிரத்தையோடு எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

இந்தச் சந்தேகத்துக்கு அதிகார வர்க்கத்தினர் வழக்கமாகச் சொல்லும் பதில், “இரண்டும் ஒன்றுதான், பேசாமல் போடுங்கள்” என்பது. வியாபார வட்டாரத்தினர் வழக்கமாகச் சொல்லும் பதில், “மலிவான சரக்கு மலிவாகத்தான் இருக்கும்” என்பது. இரண்டு பதில்களும் எதிரெதிராக நின்றாலும், கேட்டவருடைய கையில் ஆதாரம் எதையும் கொடுக்காமல் வார்த்தையை மட்டும் கொடுத்து அனுப்புவதில் இரண்டுக்கும் பேதம் இல்லை. என்னுடைய அபிப்பிராயம் இதுதான்: சந்தேகப்படுகிறவரைக் கடிந்துகொள்வதை விட்டுவிட்டு, அவர் கண்ணுக்குத் தெரியும்படி அந்த மாத்திரையைப் பரிசோதித்துக் காட்டுவதே ஒரு நாகரிக அரசாங்கம் செய்யத்தக்க காரியம், அப்படிக் காட்டுவதற்கு வேண்டிய சாதனங்கள் யாவும் தமிழ்நாட்டில் முன்பே இருக்கின்றன.

முதலில், எதோடு எதை ஒப்பிடுகிறோம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். சர்க்கரை நோய்க்கு முதல் மருந்தாக உலகம் முழுவதும் கொடுக்கப்படும் மெட்ஃபார்மினை 1957-ல் பாரிஸ் நகரத்து வைத்தியர் ழான் ஸ்டெர்ன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டு வெளியிட்டார். ‘குளுக்கோஃபேஜ்’ என்பது அதற்கு அவர் காலத்தில் ஏற்பட்ட வியாபாரப் பெயர். அந்த ரசாயனப் பொருளுக்கு இன்று எவரும் தனியுரிமை கொண்டாட முடியாது. ஆகவே தர்மபுரி பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள மருந்துக் கடைகளில் பிரசித்தி பெற்ற பெயர்களில் விற்கப்படும் மெட்ஃபார்மின் மாத்திரைகளும், சட்டத்தின் பார்வையிலும் ரசாயனத்தின் பார்வையிலும், பொதுப்பெயர் மருந்தின், அதாவது ஜெனரிக்கின், மேல் ஒரு கம்பெனிப் பெயரை அச்சிட்டு விற்பவையே. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடக்கும் ‘அசலா, ஜெனரிக்கா’ என்ற விவாதத்தை அப்படியே இங்கே பெயர்த்துக்கொண்டு வந்தால் விஷயம் குழம்பித்தான் போகும். இங்கே ஒப்பீடு என்பது, பெயர் சூட்டி விளம்பரம் செய்யப்பட்ட ஜெனரிக்குக்கும், பெயர் சூட்டாமல் மொத்தமாகக் கொள்முதல் செய்யப்பட்ட ஜெனரிக்குக்கும் இடையில் நடப்பது.

கடையில் வாங்கிய அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துப் பார்த்தால் இது பிரத்தியட்சமாகும். விற்பனை செய்யும் கம்பெனியின் பெயர் ஒன்றாகவும், தயாரித்த தொழிற்சாலையின் பெயர் வேறொன்றாகவும், அந்தத் தொழிற்சாலை இமாசலப் பிரதேசத்து பத்தியிலோ சிக்கிமிலோ இருப்பதாகவும் அநேக அட்டைகளில் காணலாம். ஒரே தொழிற்சாலை பல கம்பெனிகளுக்குப் பல பெயர்களில் ஒரே மருந்தைச் செய்து கொடுப்பது நம் நாட்டில் சர்வசாதாரணம். மருந்தின் பொதுப்பெயர் வியாபாரப் பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்று 2018-ல் விதி வந்ததும், வாங்குகிறவருக்கு இந்த உண்மை புலப்பட வேண்டும் என்பதற்காகத்தான்.

ஒப்பீட்டில் இன்னொரு கோளாறும் உண்டு. ‘கடை மாத்திரை கேட்கிறது’ என்று சொல்லும் முதியவரிடம் அந்த அட்டையை வாங்கிப் பார்த்தால், அதில் மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடு என்ற இன்னொரு மருந்தும் சேர்ந்திருப்பதை அநேக சமயங்களில் காணலாம். தனியார் வைத்தியர்கள் இரண்டையும் சேர்த்து ஒரே மாத்திரையாக எழுதிக் கொடுப்பது மிகப் பரவலான வழக்கம். முன்னது கல்லீரல் சர்க்கரையை உண்டாக்கி வெளிவிடுவதைக் குறைப்பது. பின்னது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்வது. வெறும் மெட்ஃபார்மினை மட்டும் சுகாதார நிலையத்தில் பெற்ற ஒருவர், இரண்டு மருந்து சேர்ந்த மாத்திரையைக் கடையில் வாங்கிப் போட்டுவிட்டு, ‘சுகர் நன்றாக இறங்கியது’ என்றால் அவர் பொய் சொல்லவில்லை. இறங்கத்தான் செய்யும். ஆனால் அது அரசு மாத்திரையின் தரத்தைப் பற்றிய சாட்சியம் ஆகாது. இதைவிட அபாயமான நிலையும் உண்டு. அரசு மாத்திரையையும் விடாமல் கடை மாத்திரையையும் சேர்த்துப் போட்டுக்கொள்பவர், பெயர் வேறு என்பதால் மருந்தும் வேறு என்று நினைத்து ஒரே மருந்தை இரு மடங்காக விழுங்குகிறார். அதில் கணையத்தைத் தூண்டும் மருந்தும் இருந்து, அன்று சாப்பாடும் தாமதமானால், சர்க்கரை தாழ்ந்து வியர்த்து மயங்கி விழுவதற்கு அதுவே போதும்.

மருந்தின் அளவு சரியாக இருந்துவிட்டால் பலனும் தானாகவே சரியாக இருக்கும் என்று ஒரு காலத்தில் மருந்தியல் நிபுணர்களே நம்பினார்கள். அந்த நம்பிக்கையை முதலில் அசைத்த மருந்துகளில் ஒன்று சர்க்கரை நோய் மருந்தாகவே அமைந்தது இங்கே குறிப்பிடத்தக்கது. டால்பூட்டமைடு என்ற பழைய மாத்திரையை இரண்டு விதமாகச் செய்து, மருந்தின் அளவைச் சிறிதும் மாற்றாமல், மாத்திரை வயிற்றில் உடைந்து கரைவதற்காகச் சேர்க்கும் களிமண் இனத்துப் பொருளை மட்டும் ஒன்றில் பாதியாகக் குறைத்து, ஆரோக்கியமானவர்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில், அந்த இரண்டாவது மாத்திரை ரத்தத்தில் குறைவாகவே சேர்ந்ததென்றும், சர்க்கரையைக் குறைக்கும் சக்தியும் அதற்கேற்பக் குறைந்ததென்றும் 1968-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வார்லி என்பவர் எழுதினார். அவர் அந்த மருந்தைத் தயாரித்த கம்பெனியைச் சேர்ந்தவர் என்பதையும் வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆயினும் உண்மை உண்மைதான். மூன்று ஆண்டுகள் கழித்து, இதய நோய்க்கான டிகாக்சின் மாத்திரைகளில், ஒரே அளவு என்று விற்கப்பட்டவை ரத்தத்தில் ஏழு மடங்கு வரை வேறுபட்டதை லிண்டன்பாம் குழுவினர் கண்டார்கள். எனவே பென்னாகரத்துக் கிழவியின் சந்தேகம் அறிவீனத்தில் பிறந்தது என்று எவரும் எண்ண வேண்டாம். விஞ்ஞானமும் அதே சந்தேகத்தின் வழியாகத்தான் நடந்து வந்திருக்கிறது.

நடந்து வந்து அது கண்டுபிடித்த முறைக்கு ‘உயிரியல் சமநிலைப் பரிசோதனை’ என்று பெயர். இருபது முப்பது ஆரோக்கியமான தொண்டர்களுக்கு ஒரு தினம் ஒரு மாத்திரையையும், அது உடம்பை விட்டு முற்றும் நீங்கியபின் இன்னொரு தினம் மற்ற மாத்திரையையும் கொடுத்து, ஒவ்வொரு முறையும் குறித்த நேரங்களில் ரத்தம் எடுத்து, மருந்து எந்த உச்சத்தைத் தொட்டது, மொத்தத்தில் எவ்வளவு உட்சென்றது என்ற இரண்டையும் கணக்கிட்டு ஒப்பிடுவார்கள். இரண்டுக்கும் உள்ள விகிதம், புள்ளியியல் பிழைக்கு இடம் கொடுத்த பிறகும், நூற்றுக்கு 80 முதல் 125 வரை என்ற எல்லைக்குள் முழுவதுமாக அடங்கியிருக்க வேண்டும். இதைக் கேள்விப்பட்டவர்கள் சிலர், வைத்தியர்கள் உட்பட, ‘ஜெனரிக் மருந்து இருபது சதவீதம் வரை பலம் குறைந்திருக்க அனுமதி உண்டு’ என்று அர்த்தம் செய்துகொள்கிறார்கள். அது தவறு. பிழையின் விளிம்பும் சேர்ந்து அந்த எல்லைக்குள் நிற்க வேண்டும் என்பதால், சராசரி வித்தியாசம் மிகச் சிறியதாக இருந்தாலன்றி ஒரு மருந்து இந்தப் பரீட்சையில் தேறுவது கடினம். அமெரிக்க மருந்து நிர்வாகம் 1996 முதல் 2007 வரையில் தான் ஏற்றுக்கொண்ட 2,070 ஆய்வுகளை அலசிப் பார்த்தபோது, மொத்த உட்கிரகிப்பில் அசலுக்கும் ஜெனரிக்குக்கும் இருந்த சராசரி வித்தியாசம் சுமார் மூன்றரை சதவீதமே.

நம் நாட்டில் இந்தப் பரீட்சை வெகுகாலம் முழுமையாகக் கட்டாயமாக்கப்படவில்லை. ஒரு மருந்து புதிதாக அறிமுகமாகி நான்கு ஆண்டுகள் கடந்துவிட்டால், அதன்பின் மாநில அதிகாரிகளிடம் உரிமம் பெறுகிறவர் சமநிலையை நிரூபிக்க வேண்டியதில்லை என்பதே நடைமுறையாக இருந்தது. 2017 ஏப்ரலில்தான், எளிதில் கரையாத மருந்துகளுக்கு உரிமம் கேட்கும்போது சமநிலைப் பரிசோதனையின் முடிவைச் சமர்ப்பிக்க வேண்டும் என்று விதிகள் திருத்தப்பட்டன. கிளிமிபிரைடு அந்த வகுப்பைச் சேர்ந்தது. ஆகவே அது விதிக்குள் வருகிறது. மெட்ஃபார்மின் நீரில் தாராளமாகக் கரையும். குடற்சுவரைத்தான் அவ்வளவு சுலபமாகக் கடக்காது. ஆகவே அது அந்த விதிக்குள் வரவில்லை. மெட்ஃபார்மினைப் பொறுத்தமட்டில் இது பெருங்குறை என்று நான் சொல்லமாட்டேன். ஐந்நூறு மில்லிகிராம் எடையுள்ள, நீரில் எளிதாகக் கரையக்கூடிய ஒரு பொருளை ஒழுங்காக மாத்திரையாக்குவது, மாவுப்பொருளின் நடுவே ஒரே ஒரு மில்லிகிராம் கிளிமிபிரைடைச் சமமாகப் பரப்புவதைக் காட்டிலும் எவ்வளவோ சுலபமான காரியம். ஆயினும், நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை விடும் வகை மாத்திரைகளில் இந்தச் சலுகை மனப்பான்மை கூடாது. அங்கே மருந்தைவிட அதைச் சுற்றியுள்ள பசையின் வேலைதான் முக்கியம். மருந்து கரைந்து போனபின் அந்தப் பசைக்கூடு அப்படியே மலத்தில் வெளிப்படுவதைப் பார்த்து, ‘மாத்திரை கரையாமலே போய்விட்டது’ என்று பயந்து மருந்தை நிறுத்திவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது அந்த வகை மாத்திரையின் சுபாவம் என்று கொடுக்கும்போதே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அந்தப் பயம் நீங்கிவிடும்.

இனி நம் அரசு மாத்திரையைப் பார்ப்போம். 1994-ல் ஏற்படுத்தப்பட்டு 1995 ஜனவரியிலிருந்து மருந்து விநியோகத்தை ஏற்ற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், இந்தியாவுக்கே முன்மாதிரியான ஒரு ஸ்தாபனம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பூர்ணலிங்கம் என்ற ஆட்சிப் பணி அதிகாரியின் முயற்சியில் உருவான அந்த ஏற்பாட்டைப் பின்பற்றியே கேரளமும் ராஜஸ்தானும் பிற்காலத்தில் தங்கள் கழகங்களை அமைத்துக்கொண்டன. திறந்த டெண்டர் மூலம் பொதுப்பெயரில் மருந்துகளை வாங்கி, மாவட்டக் கிடங்குகளுக்கு வந்து இறங்கும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, தயாரித்தவர் யார் என்பது பரிசோதிப்பவருக்குத் தெரியாதபடி குறியிட்டு, ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பி, தேறிய சரக்கை மட்டுமே ஆஸ்பத்திரிகளுக்கு விடுவது அதன் முறை. தேறாத சரக்கைக் கொடுத்தவர்கள் விலக்கி வைக்கப்படுவார்கள். கடைச் சரக்கில் ஒவ்வொரு தொகுதியையும் வாங்குகிறவர் சார்பில் ஒரு மூன்றாம் நபர் இப்படிச் சோதிக்கிறாரா என்றால், இல்லை. தயாரிப்பாளர் தாமே சோதித்துக்கொள்கிறார். மருந்து ஆய்வாளர் அவ்வப்போது சில மாதிரிகளை எடுக்கிறார். அவ்வளவுதான்.

ஆய்வுக்கூடத்தில் நடப்பதைச் சிறிது விரிவாகச் சொல்வது அவசியமென்று கருதுகிறேன். ஏனென்றால் மாத்திரையைச் சந்தேகிக்கும் லட்சக்கணக்கானவர்களில் இதைக் கண்ணால் பார்த்தவர்கள் மிகச் சிலரே. வரிசையாக ஆறு கண்ணாடிக் குடுவைகள், அடிப்பாகம் உருண்டையாக, வெந்நீர்த் தொட்டியில் அமர்ந்திருக்கும். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய ஒரு லிட்டர் திரவம். அதன் உஷ்ணம் மனித உடம்பின் உஷ்ணமாகிய 37 டிகிரி. மேலிருந்து இறங்கும் தண்டின் நுனியில் சிறு துடுப்போ, கம்பிவலைக் கூடையோ, ஒரே சீரான வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கும். குடுவைக்கு ஒன்றாக மாத்திரையைப் போட்டதும் முதலில் மேல்பூச்சு வெளுத்து நெகிழ்கிறது. பிறகு ஓரங்கள் உதிர்கின்றன. சிறிது நேரத்தில் குடுவையின் அடியில் வெண்மையான மேகம்போல் துகள்கள் சுழல்கின்றன. குறித்த நிமிஷம் வந்ததும் திரவத்தில் சிறிது எடுத்து, வடிகட்டி, புறஊதா ஒளியைச் செலுத்தி, எவ்வளவு மருந்து கரைந்திருக்கிறது என்று அளக்கிறார்கள். இந்திய மருந்து நூல் விதித்த அளவு அதற்குள் கரைந்திருக்க வேண்டும். வேறு சில மாத்திரைகளைப் பொடித்து மொத்த மருந்தையும் தனியே கணக்கிடுவார்கள். 500 மில்லிகிராம் என்று அட்டையில் எழுதிய மெட்ஃபார்மின், மாத்திரையில் 475-க்குக் குறையாமலும் 525-க்கு மிகாமலும் இருக்க வேண்டும். அட்டையில் அரசு முத்திரை இருக்கிறதா, கம்பெனியின் பெயர் இருக்கிறதா என்பது அந்தக் குடுவைக்குத் தெரியாது.

இவ்வளவு நல்ல ஏற்பாட்டைப் புகழும்போதே, அரசுச் சரக்கு என்றால் இந்தியா முழுவதும் இப்படித்தான் என்று சொல்ல முடியாததையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மத்திய அரசு 2014 முதல் 2016 வரை நடத்திய தேசிய மருந்துக் கணக்கெடுப்பில் சோதிக்கப்பட்ட 47,012 மாதிரிகளில் 3.16 சதவீதம் தரம் குறைந்தவையாக இருந்தன. கடைகளில் எடுத்தவற்றில் அந்த விகிதம் சுமார் 3. அரசுக் கிடங்குகளில் எடுத்தவற்றில் சுமார் 10. இந்த எண்ணை மறைத்துவிட்டு ஜெனரிக் மருந்தை ஆதரித்து எழுதுவது வாசகர்களுக்குச் செய்யும் துரோகம். இந்த எண்ணை மட்டும் காட்டிவிட்டு அரசு மருந்தே ஆகாது என்பதும் நியாயமில்லை. வாங்கியதைச் சோதிக்காமல் விநியோகித்தால் தரம் என்ன ஆகும் என்பதையே அது காட்டுகிறது. பெயர்பெற்ற சரக்கும் இந்த விபத்துக்கு விலக்கல்ல. 2024 ஆகஸ்டு மாதத்துக்காக மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் வெளியிட்ட தரமற்ற மருந்துகளின் பட்டியலில் கிளிமிபிரைடு மாத்திரை இருந்தது. வயிற்றுப் புளிப்புக்கும் எலும்புச் சத்துக்கும் நாடெங்கும் தெரிந்த பெயர்களில் விற்கப்படும் மாத்திரைகளின் மாதிரிகளும் இருந்தன. அவை தாங்கள் தயாரித்தவை அல்ல, போலிகள் என்று சம்பந்தப்பட்ட கம்பெனிகள் சொல்லின. அது உண்மையானால், போலி செய்கிறவன் பிரசித்தமான பெயரைத்தான் நாடுவான் என்பதும் நமக்கு ஒரு பாடம்.

டில்லியில் நடந்த ஓர் ஆராய்ச்சியையும் இங்கே நினைவுபடுத்த விரும்புகிறேன். ஒரே கம்பெனி, ஒரே மருந்தை, விளம்பரப் பெயரிலும், வைத்தியரை அணுகாமல் நேரே கடைக்காரருக்குத் தள்ளிவிடும் மலிவுப் பெயரிலுமாக இரண்டு விதமாக விற்பதை எடுத்துக்கொண்டு, ஐந்து மருந்துகளில் அந்த ஜோடிகளைச் சோதித்து, சிங்கல், நந்தா, கோத்வானி ஆகிய மூவரும் 2011-ல் எழுதினார்கள். சர்க்கரை மருந்து அந்த ஐந்தில் இல்லை. தரத்தில் இரண்டும் விதிக்கு உட்பட்டே இருந்தன. வித்தியாசம் கண்டது வேறோர் இடத்தில்: மலிவுப் பெயர்ச் சரக்கில் சில்லறைக் கடைக்காரருக்குக் கிடைத்த லாபம் 201 முதல் 1,016 சதவீதம் வரை போயிற்று. ஆகவே ‘ஜெனரிக்’ என்று சொல்லிக் கடைக்காரர் நீட்டும் அட்டை, அதன் உள்ளே நல்ல மருந்தாகவே இருந்தாலும், அதன் மேலே அச்சிட்ட விலை நோயாளிக்கு மலிவாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 2025 பிப்ரவரி 24 அன்று ஆயிரம் கடைகளோடு தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் முதல்வர் மருந்தகமும், 2008-லிருந்து நடந்துவரும் மத்திய அரசின் மக்கள் மருந்தகமும் பிரயோஜனப்படுவது, அந்த லாபத்தின் ஒரு பகுதியை நோயாளியின் பக்கம் திருப்புவதால்தான்.

சரி, மாத்திரை சரியாகவே இருந்தாலும் நோயாளிக்கு ஏன் ‘கேட்பதில்லை’? மெட்ஃபார்மினுக்கு இயற்கையிலேயே மீன் வாடை போன்ற ஒரு நெடி உண்டு. விலை உயர்ந்த அட்டைகளில் நல்ல மேல்பூச்சு அதை அடக்கிவிடுகிறது. பூச்சு மெலிந்த மாத்திரையில் அட்டையைக் கிழித்ததும் மூக்கில் ஏறுகிறது. ‘கெட்டுப்போன மாத்திரையைக் கொடுத்துவிட்டார்கள்’ என்று தோன்றிய கணத்திலிருந்து வயிற்றுப் பொருமலும் சோர்வும் அந்த மாத்திரையின் கணக்கில் எழுதப்படுகின்றன. நம்பிக்கையற்று விழுங்கிய மருந்தால் உடம்பில் மெய்யாகவே தொந்தரவு தோன்றுவதை வைத்தியம் நன்றாக அறியும். அதற்குமேல், மாதத்துக்கு ஒரு தடவை விரல் நுனியில் குத்திப் பார்க்கும் ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு எந்த மாத்திரையையும் எடைபோட முடியாது. முதல் நாள் இரவு களியா, சோறா, அறுவடைக்காலத்து மாம்பழமா, விடியற்காலையில் காட்டு வேலையா, சளியா, காய்ச்சலா, தூக்கமின்மையா என்பவை அத்தனையும் அந்த எண்ணுக்குள் புகுந்திருக்கின்றன. இரண்டு மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி சோதனைதான் நியாயமான சாட்சி. இரும்புச்சத்துக் குறைவான ரத்தசோகை உள்ளவர்களுக்கு அதுவும் சற்றே கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதால், கிராமத்துப் பெண்களின் விஷயத்தில் ரத்தத்தின் அளவையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

“ஏன் ஆயா, போன மாசத்து மாத்திரை அப்படியே இருக்குதே?” என்று வீடு தேடி வரும் சுகாதாரத் தன்னார்வலர் கேட்கிறார். “அது போட்டா ஒண்ணும் கேக்கல கண்ணு” என்று பதில் வருகிறது. அந்தப் பெண் அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு, மீதியை எண்ணி நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடக்கிறார். அவர் கையில் ரத்த அழுத்தக் கருவி இருக்கிறது, சர்க்கரை பார்க்கும் கருவி இருக்கிறது. இந்தக் கேள்விக்குச் சொல்ல ஒரு பதில்தான் இல்லை. அவரை வீடு வீடாக அனுப்பும் மக்களைத் தேடி மருத்துவம் என்ற பெருந்திட்டம், 2004 வரை தர்மபுரியோடு ஒன்றாயிருந்த கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி கிராமத்தில் 2021 ஆகஸ்டு 5-ந் தேதி தொடங்கி வைக்கப்பட்டது. 2024-ல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் அதற்குக் கிடைத்தது. வாசற்படி வரை கொண்டுபோய்ச் சேர்த்த மாத்திரை, அங்கிருந்து வாய்க்குள் போவதற்கு வேண்டிய நம்பிக்கையைச் சம்பாதிக்காமல் பெட்டிக்குள் கிடந்தால், அவ்வளவு உழைப்பும் பாதி வழியில் நின்றுவிட்டதாகவே அர்த்தம்.

இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் கணக்கிட்டது. புதிய மருந்துகளின் தனியுரிமைக் காலம் ஒவ்வொன்றாக முடிந்துகொண்டிருக்கிறது. சிட்டாகிளிப்டினுக்கு 2022-ல் முடிந்தது. அந்த ஆண்டே மக்கள் மருந்தகத்தில் பத்து மாத்திரை 60 ரூபாய்க்கு வந்தது. எம்பாகிளிஃப்ளோசினுக்கு 2025 மார்ச்சில் முடிந்தது. ஒரு மாத்திரை சுமார் 60 ரூபாயாக இருந்தது, பத்து ரூபாய்க்கும் கீழே இறங்கிற்று. நேற்றுவரை சென்னைத் தனியார் ஆஸ்பத்திரிகளின் மருந்துச் சீட்டில் மட்டும் காணப்பட்டவை நாளை பாலக்கோட்டுக் கடையில் டஜன் கணக்கான பெயர்களில் தொங்கப் போகின்றன. ‘எது நல்லது?’ என்ற கேள்வி இன்னும் உரத்து எழும். அதை ஆணையால் தீர்க்கப் பார்த்ததும் உண்டு. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம், வைத்தியர்கள் பொதுப்பெயரில்தான் எழுத வேண்டும் என்று விதித்து, மருந்துகளின் தரத்துக்கு யார் பொறுப்பு என்று வைத்தியர் சங்கங்கள் ஆட்சேபித்ததும், அதே மாதத்திலேயே அந்த விதியை நிறுத்தி வைத்தது. 1975-ல் மத்திய அரசின் ஹாத்தி கமிட்டி வியாபாரப் பெயர்களைப் படிப்படியாக ஒழிக்கச் சொன்னதும் இப்படித்தான் கிடப்பில் போயிற்று. இலங்கையில் மருந்தியல் பேராசிரியர் செனக பிபிலே 1971-ல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை அமைத்துப் பொதுப்பெயர்க் கொள்முதலை நிலைநாட்ட முயன்றபோதும் இதே ஆட்சேபத்தைத்தான் சந்தித்தார். ஆணையால் மட்டும் இந்தக் காரியம் நடவாது என்பதை இதற்குமேல் எந்தச் சரித்திரமும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே நான் கேட்பது இரண்டு. முதலாவது, மருத்துவப் பணிகள் கழகம் வாங்கும் சர்க்கரை மாத்திரைகளின் ஒவ்வொரு தொகுதிக்கும் கிடைத்த ஆய்வறிக்கையைத் தமிழில், தொகுதி எண், தயாரித்தவர் பெயர், மருந்தளவு, கரைந்த அளவு ஆகியவற்றோடு, ஒவ்வொரு சுகாதார நிலையத்தின் மருந்து ஜன்னலுக்குப் பக்கத்திலும் ஒட்ட வேண்டும். தேறாமல் திருப்பி அனுப்பிய தொகுதிகளையும் அதே பலகையில் எழுத வேண்டும். தோற்றதை மறைக்காமல் சொல்கிறவனுடைய வெற்றியைத்தான் ஜனங்கள் நம்புவார்கள்.

இரண்டாவது, தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி, மாவட்டத்துச் சுகாதார நிலையங்களோடு சேர்ந்து, நோயாளிகளிடமே இதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் ஒரே அளவில் எடுத்துக்கொண்டிருப்பவர்களில் சம்மதிப்பவர்களைச் சேர்த்து, அரசு மாத்திரையையும் கடையில் பெயர்பெற்ற மாத்திரையையும் வெளித்தோற்றத்தில் பேதம் தெரியாத உறைகளில் இட்டு, கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் எது எதுவென்று தெரியாதபடி மூன்று மாதம் ஒன்றும் அடுத்த மூன்று மாதம் மற்றொன்றுமாகக் கொடுத்து, எச்பிஏ1சி-யை அளந்து ஒப்பிட வேண்டும். அறநெறிக் குழுவின் அனுமதி பெற்று, இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிந்து, முடிவு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அதைத் தர்மபுரி மக்களுக்கு முதலில் அறிவிக்க வேண்டும். கருவிகள் இருக்கின்றன, ஆய்வுக்கூடம் இருக்கிறது, வீடு வீடாகப் போகும் பெண்கள் இருக்கிறார்கள்; அவர்களுக்கு ஊதியம் உயர்த்திக் கொடுப்பதைத் தவிரப் பெருஞ்செலவு எதுவும் இதில் இல்லை. இரண்டும் சமம் என்ற முடிவே வரும் என்று நான் எதிர்பார்க்கிறேன். ஆனால் என்னுடைய எதிர்பார்ப்பும் ஒரு வார்த்தைதான். அந்த முதியவர்களுக்கு வேண்டியது வார்த்தையன்று.

அதுவரைக்கும் வாசகர்களுக்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டில் யாரேனும் ‘மாத்திரை கேட்கவில்லை’ என்றால் அதை உதறித் தள்ளாதீர்கள். அவர்களாக மருந்தை நிறுத்தவோ, இரண்டு மாத்திரைகளையும் கலந்து போடவோ விடாதீர்கள். இரண்டு அட்டைகளையும் எடுத்துக்கொண்டு போய், பொதுப்பெயரும் அளவும் ஒன்றுதானா என்று மருந்தாளுநரிடம் கேளுங்கள். பிறகும் சந்தேகம் தீரவில்லையானால் அட்டையைக் கிழித்தெறியாமல், தொகுதி எண் தெரியும்படி பத்திரப்படுத்தி வையுங்கள். 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி, மருந்து வாங்கிய எவரும், விதித்த கட்டணத்தைச் செலுத்தி, அதை அரசுப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்துச் சோதித்து, அவர் கையொப்பமிட்ட அறிக்கையைப் பெறலாம்.